உயரத்தைப் பார்த்து பேண்டைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக உரிமம் பெற்ற பினாங்கு ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) முதலில் கேட்பது, தூர தேசத்துக்கு எந்த அலைவரிசை பேண்ட் நல்லது என்பதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டியது, ஆன்டெனா கம்பி எவ்வளவு உயரத்தில் தொங்கப்போகிறது என்பது.

ஜார்ஜ்டவுன் மாடிவீட்டில் 10 மீட்டர் உயரம் கிடைத்தாலே பெரிது. 7 மெகாஹெர்ட்ஸில் அது கால் அலைநீளம். டைபோல் ஆன்டெனா அனுப்புவதில் பெரும்பகுதி நேராக மேலே போய் அக்கம்பக்கத்தில் இறங்கிவிடும். அதே உயரம் 28 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலைநீளம். இப்போது சிக்னல் அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகையில் கிளம்புகிறது. கண்டம் தாண்ட வேண்டிய கோணம் இதுதான். கம்பிக்கும் 5 மீட்டர் நீளம் போதும்.

மேலைநாட்டுக் கையேடுகள் குளிர்கால இரவுகளில் 3.5, 7 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கச் சொல்கின்றன. இங்கே குளிர்காலம் ஏது? இடிமின்னலின் இரைச்சல்தான் அந்த பேண்டுகளை நிறைக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதோ நமக்குக் கிடைத்த பெரிய வரம். 25-வது சூரியச் சுழற்சி 2024 அக்டோபரில் 160.9 என்ற சூரியப்புள்ளி எண் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் 21, 28 மெகாஹெர்ட்ஸ் வடநாடுகளில் அடங்கிய பிறகும் இங்கே உயிரோடிருக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் மறைந்தபின் குரல்கள் படபடத்துக் கேட்டால் ரேடியோவைக் குறை சொல்ல வேண்டாம். அயனி மண்டலம் கலங்கியிருக்கிறது, அவ்வளவே.

திசையும் முக்கியம். நியூயார்க் இங்கிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே, 15,000 கிலோமீட்டர். பாதை துருவத்தை ஒட்டிப் போகிறது. 2024 மே மாதத்தில் வீசியது போன்ற காந்தப் புயலில் அது மூடிக்கொள்ளும். பெருவின் பியூரா வட்டாரமோ பூமியில் நமக்கு நேர் மறுபக்கம், ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர்.

இடம் இல்லாதவர்கள் பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குப் போகலாம். கடல்நீர் சாதாரண மண்ணைவிடப் பல நூறு மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் செங்குத்துக் கம்பியை நீரோரம் நிறுத்தினால், உயரமே இல்லாமல் தாழ்ந்த கோணம் கிடைக்கும். வடக்கே திறந்த கடல் என்பதால் ஐரோப்பாவுக்கு இது மிகப் பொருத்தம்.

ஆனால் தாழ்வான 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலைக் கழற்றிவிட வேண்டாம். 2004 டிசம்பரில் தூரத் தொடர்புகளுக்காகப் அந்தமானின் போர்ட் பிளேர் சென்றிருந்த இந்திய ஹாம் பாரதி பிரசாத் குழுவினர், சுனாமி தாக்கியதும் நிவாரணச் செய்திகளுக்கு மாறினார்கள். போர்ட் பிளேர் பினாங்கிலிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர். பண்டா ஆச்சே அதில் பாதி. அந்தத் தூரங்களுக்கு, மேல்நோக்கி அனுப்பும் அந்தக் கம்பியே சரியான ஆன்டெனா.