எய்தவன் இருக்க அம்பை நோவதா?

சென்ற மாதம் ஒரு தாய் நமது சங்கத்துக்கு அழுதுகொண்டே வந்தார். சாணக்யபுரி பங்களாக்களில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளையை வளர்த்தவர். பையன் ஸ்மாக்குக்கு அடிமையாகி இரண்டு வருஷமாகிறது. ஆஸ்பத்திரிக்கு ஏன் அழைத்துப் போகவில்லை என்று கேட்டோம். “டாக்டர் போலீசுக்குச் சொல்லிவிட்டால் ஜெயிலில் போட்டுவிடுவார்களே, அண்ணா!” என்றார்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வரவில்லை. 1985-இல் நிறைவேறிய போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி, ஹெராயினை உட்கொள்வதே குற்றம். ஓராண்டு வரை சிறை. ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவும் இருக்கிறது. அதை ஏழைக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மீது வழக்கு நடத்தக்கூடாது. ஹெராயினில் சிறிய அளவு என்பது 5 கிராம். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்தப் பாதுகாப்பை இழக்க நேரிடும்.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்திரா துறைமுகத்தில், டால்க் கல் என்று சொல்லிக் கொண்டுவந்த கண்டெய்னர்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. இத்தனை சரக்குக்கு முதல் போட்டவன் ஜுக்கிவாசியாக இருக்க முடியுமா? ஆனால் தெருமுனையில் அகப்படுவது யார்? பழக்கத்துக்குக் காசில்லாமல் பொட்டலம் சுமக்கும் நம் வீட்டுப் பையன்தான்!

எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் இருபதில் ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருக்கிறார். மற்ற பத்தொன்பது பேரின் கதி என்ன? போர்ச்சுகல் நாடு 2001-இல் வேறு வழிக்குத் திரும்பியது. சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்திருப்பவரை அங்கே கிரிமினல் கோர்ட்டுக்கு அனுப்புவதில்லை. சிகிச்சைக்கு வழிகாட்டும் குழுவின் முன் அனுப்புகிறார்கள். கடத்துகிறவனுக்கு அங்கும் சிறைதான்.

ஆகவே அரசைக் கோருகிறோம்: தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அருகில் இலவசச் சிகிச்சை நிலையங்களைத் திற! 64ஏ பிரிவை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மக்கள் மொழிகளில் எழுதி வை! முதல் போட்டவனைப் பிடி!

தாய்மார்களே, தோழர்களே! பிள்ளையின் நோயை மானத்துக்கு அஞ்சி மறைக்காதீர்கள். 14446 என்ற அரசு உதவி எண்ணுக்குப் போன் செய்யக் காசு கிடையாது. இந்தி தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். ஒரு தோழர் உங்களுடன் ஆஸ்பத்திரிக்கு வருவார். அந்தத் தாயுடனும் ஒருவர் சென்றார். பையன் இப்போது சிகிச்சையில் இருக்கிறான்.