ஒரே நோட் போதுமா?

"மெஷினில் ஒரே ஒரு நோட் ஜேஎஸ் இருந்தால் போதும், அதுவும் லேட்டஸ்ட் எல்டிஎஸ். என்விஎம் எல்லாம் வேண்டாத தலைவலி." சென்னையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் புதிதாகச் சேர்பவர்கள் கேட்கும் அறிவுரை இது. பல நோட் பதிப்புகளை ஒரே மெஷினில் வைத்து மாற்றிக்கொள்ள உதவும் கருவிதான் என்விஎம்; அது வேண்டாம் என்பவர் பெரும்பாலும் ஒரே புராஜெக்ட்டில் வேலை பார்ப்பவராக இருப்பார்.

புதிய பதிப்பு பழைய நிரலையும் ஓட்டிவிடும் என்பது முதல் வாதம். ஆனால் 2021 அக்டோபரில் வந்த நோட் 17, ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியது. அதில் எம்டி4 என்ற பழைய ஹாஷ் முறை இயல்பாக வேலை செய்யாது. பில்ட் கருவியான வெப்பேக் 4 நம்பியிருந்ததோ அதே எம்டி4-ஐத்தான். அதைப் பயன்படுத்திய, ஒரு வரிகூட மாறாத ரியாக்ட் புராஜெக்ட்டுகள் பில்ட் ஆகாமல் நின்றன. பழைய முறைகளை மீண்டும் அனுமதிக்கும் ஒரு ஆப்ஷனை ஸ்கிரிப்டில் சேர்த்துச் சமாளித்தார்கள். அந்த ஸ்கிரிப்டை நோட் 16 வைத்திருக்கும் சக ஊழியர் ஓட்டினால், அப்படி ஓர் ஆப்ஷனே கிடையாது என்று அது மறுத்துவிடும்! நோட் 17-இல் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயருக்கு ஐபிவி6 முகவரி முதலில் கிடைக்கத் தொடங்கியதால், ஐபிவி4-இல் மட்டும் காத்திருந்த சர்வர்களோடு இணைப்பு அறுந்தது தனிக்கதை.

பழையதை வைத்திருப்பது பாதுகாப்பில்லை என்கிறார்கள். உண்மைதான், நோட் 16-இன் ஆதரவு 2023 செப்டம்பர் 11-லேயே முடிந்துவிட்டது. ஆனால் நம் லேப்டாப்பில் அதை அழித்தால் வாடிக்கையாளரின் சர்வர் பத்திரமாகிவிடுமா? அந்த சர்வர் சென்ட்ஓஎஸ் 7-இல் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது கிளிப்சி என்ற சி நூலகத்தின் 2.17 பதிப்பு. நோட் 18-இன் அதிகாரபூர்வ லினக்ஸ் பதிப்புக்கு 2.28 வேண்டும். அந்த சர்வரை மாற்றும்வரை 16-இல்தான் பிழை திருத்தியாக வேண்டும். மாற்றும் வேலைக்கும் இரண்டு பதிப்புகளிலும் டெஸ்ட்டுகளை ஓட்டி ஒப்பிட வேண்டும்.

"டாக்கர் இருக்கிறதே" என்பது கொஞ்சம் வலுவான வாதம். சர்வரில் எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வர மலைக்குப் போகும் வழியில் உள்ள கௌதள்ளி போன்ற ஊரில் உட்கார்ந்து, செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். நோட்டின் முழு டாக்கர் இமேஜ் பல நூறு எம்பி. நோட் மட்டும் என்றால் சில பத்து எம்பிதான். அல்பைன் இமேஜ் சிறியது, ஆனால் அதில் கிளிப்சிக்குப் பதில் மஸ்ல் இருப்பதால் சில நேட்டிவ் பேக்கேஜ்கள் முரண்டு பிடிக்கும்.

என்விஎம் டெர்மினலை மந்தமாக்குகிறது என்ற புகாரை ஒப்புக்கொள்கிறேன். அது ஷெல் ஃபங்ஷன் என்பதால் கிரான் வேலைகளுக்கும் கண்ணில் படாது. அதற்குத்தான் ரஸ்டில் எழுதிய எஃப்என்எம் என்ற மாற்றுக் கருவி இருக்கிறது. என்விஎம்மின் பதிப்புக் கோப்பையே அதுவும் படிக்கும்.

அந்தப் பதிப்புக் கோப்பை கிட்டில் சேர்த்துவிடுங்கள். பேக்கேஜ் ஜேசனில் 'இன்ஜின்ஸ்' எழுதினாலே போதும் என்று நினைக்க வேண்டாம். பதிப்பு பொருந்தாவிட்டால் என்பிஎம் எச்சரித்துவிட்டு இன்ஸ்டாலைத் தொடரும். தடுக்க வேண்டுமென்றால் 'இன்ஜின் ஸ்ட்ரிக்ட்' அமைப்பையும் இயக்க வேண்டும்.