படியளந்து விற்கப்படும் பாடங்கள்

கூடுதலான பாடங்களைப் படிக்க விரும்பும் மாணவன் கூடுதலான பணத்தைச் செலுத்துவதே நியாயம் என வாதிடுவோர் எம்மிடையேயும் உளர். இரண்டு கிலோ சீனி வாங்குபவன் ஒரு கிலோவின் விலையைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட முடியுமா என்பது அவர்தம் வினா. கேட்ட மாத்திரத்தில் மறுத்தற்கு அரியது போலத் தோன்றும் இவ்வாதம் எங்குப் பிறந்தது, நடைமுறைக்கு வந்தவிடத்து யாது விளைந்தது என்பவற்றை ஆராயாது நாம் தலையசைப்போமாயின், அதற்கான விலையைக் கொடுக்கப்போகிறவர் நாமல்லர். எமக்குப் பின் இவ்விரிவுரை மண்டபங்களில் வந்தமரப்போகும் மாணாக்கரே.

பாடத்தை அளந்து விற்கும் வழக்கம் முழு வளர்ச்சி பெற்றிருப்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலாகும். அங்கு ஒவ்வொரு பாடமும் ‘கிரெடிற்’ எனப்படும் அலகுகளால் அளக்கப்படுகின்றது. ஒரு பாடம் பெரும்பாலும் 3 அலகுகளைக் கொண்டது. இளமாணிப் பட்டத்திற்குப் பொதுவாக 120 அலகுகள் வேண்டும். நான்கு ஆண்டுகளில், அதாவது எட்டு அரையாண்டுகளில், பட்டம் பெற விரும்புபவன் அரையாண்டுக்கு 15 அலகுகளைப் பயிலவேண்டும். ஆனால் மத்திய அரசின் நிதியுதவி விதிகளோ 12 அலகுகளை எடுப்பவனையே முழுநேர மாணவனாக ஏற்றுக்கொள்கின்றன. கட்டணம் பற்றிய வழக்குப் பெரும்பாலும் இந்த மூன்று அலகு இடைவெளிக்குள்ளேயே நிகழ்கின்றது. ஒருசாரார் அலகுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அறவிடுவர். மற்றொரு சாரார் 12 முதல் 18 வரை எத்தனை அலகுகளை எடுப்பினும் ஒரே தொகை என்பர்; 18ஐத் தாண்டினால் மீண்டும் அலகுக்கணக்கு. ஒரு முறையிலிருந்து மற்றதற்குப் பல்கலைக்கழகங்கள் மாறும்போதெல்லாம், மாணவரின் நன்மைக்காகவே மாறுகின்றோம் என்று நிருவாகம் அறிக்கை விடுகின்றது. இரண்டு திசையிலும் மாறுவதற்கு ஒரே காரணம் கூறப்படுவது கவனிக்கத்தக்கது.

நிலையான தொகை நிச்சயமாக மாணவனுக்குச் சார்பானதன்றோ எனச் சிலர் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். மிச்சிகன் மாநிலத்து அரச பல்கலைக்கழகங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து ஹெமெல்ற், ஸ்ரேஞ் என்னும் இருவர் 2016 இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தைக் கலைத்தது. மேலதிக அலகுகளுக்குக் கட்டணம் இல்லாதவிடத்து மாணவர் ஓரளவு கூடுதலாகவே, உயர்ந்தது ஒரு பாடத்தை, பதிவுசெய்கின்றனர். ஆனால் இடைநடுவிற் கைவிடும் பாடங்களும் கூடுகின்றன. முடிவில் ஈட்டிய அலகுகளின் தொகை பெரிதாக உயரவில்லை. விலையை நீக்கியதும் ஆசை வளர்ந்தது, நேரம் வளரவில்லை.

நேரத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். வகுப்பில் ஒரு மணிநேரம், வெளியே குறைந்தது இரண்டு மணிநேரம்: இது ஓர் அலகுக்குரிய வாராந்த உழைப்பு என்பது அந்நாட்டு அரசின் வரைவிலக்கணம். எனவே 15 அலகு என்பது வாரத்திற்கு 45 மணிநேரம். 18 அலகு 54 மணிநேரம். உணவகத்தில் வாரம் 20 மணிநேரம் வேலைசெய்து வாடகை கட்டுபவனுக்கு 15 அலகுகளே 65 மணிநேர உழைப்பாகிவிடும். அவன் 12 அலகுகளோடு நின்றுகொள்கிறான். நிலையான கட்டணத்தின் கீழ், தான் எடுக்காத பாடங்களுக்கும் அவன் பணம் கட்டுகிறான். தந்தையின் காசோலையில் வாழும் பக்கத்து இருக்கைக்காரன் அதே தொகைக்கு 18 அலகுகளைப் பெறுகிறான். அலகுக்கட்டணத்தின் கீழோ, அதே ஏழை மாணவன் என்றாவது மூச்சுவிட நேரங்கிடைத்து இன்னொரு பாடத்தை எடுக்க எண்ணினால், விலைப்பட்டியல் வாசலில் நின்று மறிக்கின்றது. ஒரு முறை அவனிடமிருந்து எடுத்துப் பிறனுக்குக் கொடுக்கின்றது. மற்றது அவனை வெளியே நிறுத்துகின்றது. இவ்விரண்டில் எது நீதி என்று பட்டிமண்டபம் நடத்துவது வீண்வேலை.

பிழை அளவுகோலிலேயே உள்ளது. அதன் வரலாறு பலரும் அறியாதது. உருக்காலைச் செல்வர் அன்ரூ கார்னெகி 1905 இல் கல்லூரி ஆசிரியரின் ஓய்வூதியத்திற்காக ஒரு கோடி டொலரை ஒதுக்கினார். அந்த ஓய்வூதியத்தைப் பெற விரும்பிய கல்லூரிகள், உயர்பள்ளிப் படிப்பை மணிநேரத்தால் அளந்து அலகுகளாக்கும் நியமத்தை ஏற்கவேண்டியிருந்தது. ஆசிரியனின் முதுமைக்கால அச்சமே மாணவனின் கல்விக்கு முழக்கோலாயிற்று! 1910 இல் அதே கார்னெகி மன்றத்துக்காக மொறிஸ் குக் என்னும் பொறியியலாளர் ஓர் அறிக்கை எழுதினார். தொழிற்சாலைகளில் உழைப்பாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தால் அளந்த பிரெடெரிக் ரெயிலரின் வழிவந்தவர் அவர். சில பல்கலைக்கழகங்களின் பௌதிகத்துறைகளைப் பார்வையிட்ட குக், ‘மாணவ மணிநேரம்’ என்ற அலகைக் கொண்டு பல்கலைக்கழகத்தின் செலவையும் விளைவையும் கணிக்கலாமென்றார். ஆலைக்கு வகுத்த அளவு அறிவுக்கு வந்து சேர்ந்த கதை இது. அளக்கத் தொடங்கிய பொருளுக்கு விலை குறிக்க நெடுங்காலம் எடுக்காது.

விரிவுரை மண்டபத்தில் ஐம்பதின்மர் கேட்கும் விரிவுரையை ஐம்பத்தோராமவன் வந்து கேட்பதனால் அதில் எதுவும் குறைந்துபோவதில்லை. சீனி உவமை முறிந்துவிழுவது இவ்விடத்திலேதான். ஆய்வுகூடப் பாடங்களுக்கு இது பொருந்தாது என்பதையும், பலர் ஒருங்கே கூடுதற் பாடம் எடுத்தால் இன்னொரு வகுப்பும் இன்னோர் ஆசிரியரும் தேவைப்படலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. அவை இடத்தையும் ஆளணியையும் பற்றிய வினாக்கள், திட்டமிட்டுத் தீர்க்கப்படவேண்டியவை. பணப்பை பருத்தவனுக்கு முதலிடம் கொடுப்பது அவற்றுக்குத் தீர்வாகாது.

இனி எம்மவர் நிலைக்கு வருவோம். 1945 இல் கன்னங்கரா காலத்துச் சீர்திருத்தத்தால் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம்வரை கல்வி இலவசமாயிற்று. பின்னர் கிரெடிற் அளவுகோலையும் நாம் இறக்குமதி செய்துகொண்டோம். 2012 இல் வகுக்கப்பட்ட இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு பொதுப் பட்டத்திற்கு 90 அலகு, சிறப்புப் பட்டத்திற்கு 120 அலகு, ஓர் அலகுக்கு 50 மணிநேரக் கற்றல் எனக் கணக்கிடுகின்றது. அளவுகோல் வந்துவிட்டது, விலைச்சீட்டு மட்டுமே இன்னும் முழுமையாக வந்து ஒட்டப்படவில்லை. “முழுமையாக” என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்தில், பகலில் உழைத்து இரவிற் படிக்கும் மாணவன் தான் எடுக்கும் பாடங்களின் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்தியே வருகிறான். இலவசக் கல்வியைப் பற்றி மேடையேறி முழங்கும் எம்மில் எத்தனைபேர் அவனை நினைத்துப் பார்த்திருக்கிறோம்? அரச பல்கலைக்கழகங்களில் வாரவிறுதி முதுமாணிக் கற்கைநெறிகள் கட்டணத்துக்கே நடக்கின்றன. எம்மிற் சிலருக்கு அவற்றால் ஊதியமும் உண்டு. நானும் அதற்கு விலக்கல்லன். கார்னெகியின் ஓய்வூதியத்தை நாடிய ஆசிரியரை எள்ளிநகையாடும் தகுதி எமக்கில்லை.

ஆகவே, ‘விரும்பினோர் மட்டும் மேலதிக பாடத்தை எடுக்கலாம், சிறுதொகை மட்டும் செலுத்தலாம்’ என்றொரு முன்மொழிவு பீடச் சபைக்கு வருமாயின், அது மென்மையான மொழியிலேயே வரும். மாணவனின் சுதந்திரம், தெரிவு என்னும் சொற்கள் அதில் நிறைந்திருக்கும். தமிழோடு புள்ளிவிபரவியலையும் கற்க விரும்பும் கிளிநொச்சி மாணவிக்கும், மகாபொலப் புலமைப்பரிசிலை வைத்து மாதத்தை ஓட்டும் மலையகத்து மாணவனுக்கும் அச்சிறுதொகை சிறுதொகையன்று. சுமை மிகுந்த பாடத்தெரிவு ஆபத்தானது என்று கருதினால், துறைத்தலைவரோ ஆலோசகரோ அம்மாணவரை அழைத்து, முன்னைய பெறுபேறுகளைப் பார்த்து, வேண்டாமென்று தடுக்கட்டும். அந்தத் தடை எல்லோருக்கும் ஒன்றாயிருக்கும். காசாளரின் சாளரத்தில் விழும் தடை சிலருக்கு மாத்திரம் உரியது.

அத்தகைய முன்மொழிவு சபைக்கு வரும் நாளில், அதனை முதலில் எதிர்த்து எழுந்து பேசவேண்டியவர்கள், மேலதிக வகுப்பு நடத்துவதற்கான கொடுப்பனவைப் பெறவிருக்கும் ஆசிரியர்களாகிய நாமே.