விடயப் பஞ்சம் என்றொரு பேச்சு

பத்தி எழுதுவோரிடம் வாசகர்கள் தவறாது கேட்கும் கேள்வியொன்று உண்டு. "வாராவாரம் எழுதுவதற்கு விடயம் எங்கிருந்து கிடைக்கிறது?" என்பதே அது. பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களைக் கழித்துவிட்ட என்னிடமும் திருமண வீடுகளிலும் நூல் வெளியீட்டு விழாக்களிலும் பலர் இதனைக் கேட்டிருக்கிறார்கள். இளம் ஊடகவியலாளர்கள் சிலரோ ஒருபடி மேலே சென்று, எழுதுவதற்கு விடயமே இல்லை எனச் சலித்துக்கொள்கிறார்கள். இந்நாட்டில் அரிசிக்கும் எரிபொருளுக்கும் பஞ்சம் வந்ததுண்டு. 2022 இல் பத்திரிகை அச்சிடும் தாளுக்கும் வந்தது. ஆனால் விடயத்துக்குப் பஞ்சம் வந்ததாக நான் அறியேன்.

நமது பத்திகள் பல எவ்வாறு பிறக்கின்றன என்பதைச் சற்று நோக்குவோம். ஞாயிறன்று அரசியல்வாதி ஒருவர் மேடையில் பேசுகிறார். திங்களன்று அது தலைப்புச் செய்தியாகிறது. செவ்வாயன்று மற்றொருவர் மறுப்பறிக்கை விடுகிறார். வார இறுதியில் ஐந்து பத்திரிகைகளில் ஐந்து பத்திகள் அந்தப் பேச்சையே அலசுகின்றன. அரசியலை அலசுவது அவசியமே. எனினும் இங்கு விடயத்தைத் தெரிவு செய்தவர் பத்தியாளர் அல்லர், மேடையில் பேசியவரே. அவர் வாய் திறக்காத வாரத்தில் பத்தியாளருக்குப் பஞ்சம் ஏற்படுவதில் வியப்பில்லை.

பாரதியார் புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் சுதேசமித்திரனில் 'தராசு' என்ற பகுதியை எழுதினார். கடைக்கு வருவோர் கேட்கும் கேள்விகளுக்குத் தராசு பதில் கூறுவதாக அது அமைந்திருந்தது. கடையென்றால் யாரும் வரலாம், எதையும் கேட்கலாம். விடயம் உள்ளே வரவேண்டுமாயின் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

கதவைத் திறக்கவும் நேரமில்லை என்போருக்கு நமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கம் இருக்கிறது. 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட' எனத் தொடங்கும் வாசகத்தை நாம் பல்லாண்டுகளாகப் படித்துக் கடந்து செல்கிறோம். பிறப்பிடம் தீவகத்தில் ஒரு கிராமமாக இருக்கும். வதிவிடம் வெள்ளவத்தையாகவோ ரொறன்ரோவாகவோ இருக்கும். பிள்ளைகளின் பெயர்களுக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் லண்டன், சுவிஸ், அவுஸ்திரேலியா என்றிருக்கும். ஒரு சமூகத்தின் இடப்பெயர்வு வரலாறு நான்கு வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஊரிலுள்ள வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? கடைசி நாட்களில் அந்தத் தாயை யார் பராமரித்தார்கள்? கொள்ளி வைக்க எவர் வந்தார்? ஒவ்வொரு கேள்வியும் ஒரு பத்திக்குரியது.

விடயம் என்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் கிடைக்கிறது. 2021 மார்ச்சில் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாளாந்தச் சம்பளம் ஆயிரம் ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆயிரத்தைப் பற்றி எழுதியோர் பலர். அதனைப் பெறுவதற்கு எத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் எனக் கேட்டோர் சிலரே. அவ்வாறு கேட்டவர்களுக்கு, பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய அளவு கூட்டப்பட்டுவிட்டது என்ற முறைப்பாடு கிடைத்தது. குறித்த அளவு பறிக்காதவருக்கு 'அரைப்பேர்' போடப்படும் என்பதும் தெரியவந்தது. அரைநாட் சம்பளத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லை எந்த அமைச்சரின் பேச்சிலும் நான் கேட்டதில்லை. லயத்து வாசலில் கேட்கலாம்.

இன்று நமக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரஜை எவரும் அரச நிறுவனமொன்றிடம் தகவல் கோரலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதைப் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். பிரதேச சபை கட்டி முடித்த சந்தைக் கட்டடம் ஏன் பூட்டிக்கிடக்கிறது என்று தேநீர்க் கடையில் விவாதிப்பதை விட, ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பது பயன் தரும்.

மறுபக்கத்தையும் கூறவேண்டும். 'விடயம் இல்லை' என்பது இந்நாட்டில் சில காலங்களில் அச்சத்துக்கு இடப்பட்ட கௌரவமான பெயராகவும் இருந்தது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்தே அவர்கள் இறந்ததாகக் கூறப்பட்டது. ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்காலத்தில் மௌனமாக இருந்தவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அத்தகைய விலை கொடுக்கப்பட்ட தொழிலில் இருந்துகொண்டு, கேட்கக்கூடியவற்றையும் கேட்காமல் விடயமில்லை என்பது நியாயமாகாது.

இதில் நமது சமூகத்துக்கு நட்டமும் உண்டு. 1990 களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த யாழ்ப்பாணத்தில், போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கில் மாணவர்கள் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். அக்காலத்துத் தலைவர்களின் அறிக்கைகளைத் தேடினால் இன்றும் பெற்றுக்கொள்ளலாம். அந்த விளக்கைப் பற்றி அன்று எவரேனும் எழுதியிருந்தால் மட்டுமே அது எஞ்சும். 1981 இல் தனது நூலகம் எரிவதைப் பார்த்த சமூகத்துக்குச் சிறிய விடயங்களைப் பதிந்து வைப்பது பொழுதுபோக்கன்று.

ஆகவே விடயம் தேடும் இளம் நண்பர்களுக்கு நான் கூறுவது இதுதான். அடுத்த வாரத்துக்கான விடயம் இன்று காலை பஸ்ஸில் உங்களுக்கு அருகே அமர்ந்திருந்தவரிடம் இருந்திருக்கக்கூடும். அவரிடம் பேச்சுக் கொடுத்தீர்களா?