பெரியார் கண்ட இரு நகரங்கள்

சென்ற வாரம் புசா ரோட்டில் உள்ள என் அறைக்கு ஒரு தோழர் வந்திருந்தார். தொழிற்சங்க மாநாட்டிற்காக வியன்னா செல்கிறார். திரும்பும் வழியில் நான்கு நாட்கள் இலண்டனில் தங்குகிறார். போவதற்கு முன் எதைப் படிக்கலாம் என்று கேட்டார். 1932ஆம் ஆண்டில் பெரியார் மேற்கொண்ட ஐரோப்பியப் பயணத்தைப் பற்றிப் படித்துவிட்டுச் செல்லுங்கள் என்றேன். பெரியார் மாஸ்கோ சென்றதை நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அதே பயணத்தில் அவர் இங்கிலாந்தில் என்ன செய்தார் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். என் கருத்தில், அப்பயணத்தின் பெருமையில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

1931 டிசம்பர் 13 அன்று எஸ்.இராமநாதனுடன் சென்னையில் கப்பலேறினார் பெரியார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ‘குடி அரசு’ இதழில் கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் வெளிவரத் தொடங்கியிருந்தது. (ஒரு சொல்லுக்கு நான்கு அகராதிகளைப் புரட்டும் எனக்கு, கலைச்சொற்களே நிலைபெறாத அந்நாளில் அதைச் செய்தவர்கள் மீது பொறாமை கலந்த மரியாதை உண்டு.) எகிப்து, கிரீஸ், துருக்கி வழியாக 1932 பிப்ரவரியில் சோவியத் நாட்டை அடைந்து, ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கே தங்கினார். மாஸ்கோவில் மே தினக் கொண்டாட்டத்தைக் கண்டார். அது முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் இறுதி ஆண்டு. 1935இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட மெட்ரோவின் பணிகள் அப்போது தொடங்கியிருந்தன. வேலையின்மை ஒழிந்துவிட்டது என்று 1930இலேயே அரசு அறிவித்திருந்தது.

பின்னர் ஜெர்மனி வழியாக இங்கிலாந்து. உலகின் பெரும் பேரரசுக்குத் தலைநகரான இலண்டன். ஆனால் அந்நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் வேலையின்றி இருந்த காலம் அது. உதவித்தொகை கேட்பவரின் வீட்டிற்கே அதிகாரி வந்து, மகனின் கூலி எவ்வளவு, மகளின் கூலி எவ்வளவு என்று கணக்கெடுக்கும் முறை முந்தைய ஆண்டுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அப்படிச் சோதனைக்கு ஆளான குடும்பங்கள் அந்த அவமானத்தைத் தலைமுறை கடந்தும் மறக்கவில்லை.

இங்கே ஒரு சாதாரணப் பயணி என்ன செய்திருப்பார்? ஒரு நகரைப் புகழ்ந்து, மற்றதை இகழ்ந்து, கட்டுரையை முடித்திருப்பார். பல ஆண்டுகளாகப் பயண அறிக்கைகளை மொழிபெயர்த்து வரும் நான் இத்தகைய கட்டுரைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். சிலவற்றில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் போதும். பெரியார் வேறொன்று செய்தார். யார்க்ஷயரின் நிலக்கரி வட்டாரமான மெக்ஸ்பரோவில் ஜூன் 20 அன்று தொழிற்கட்சியின் பெருங்கூட்டம் நடைபெற்றது. அக்கட்சியின் மூத்த தலைவர் ஜார்ஜ் லான்ஸ்பரி மேடையில் இருக்க, இந்தியாவில் தொழிற்கட்சி அரசு நடந்துகொண்ட விதத்தைப் பெரியார் முகத்துக்கு நேரே கண்டித்தார். இந்தியச் சுரங்கத் தொழிலாளர் பெறும் அற்பக் கூலியைப் பிரிட்டிஷ் சுரங்கத் தொழிலாளர் முன்னிலையில் எடுத்துரைத்தார். 1929 முதல் 1931 வரை ஆட்சியில் இருந்தது அக்கட்சிதான். மீரட் சதி வழக்கின் விசாரணை அக்காலம் முழுவதும் தொடர்ந்தது.

விருந்தினராகச் சென்றவர் அவர். நன்றி கூறிவிட்டு அமர்ந்திருக்கலாம். ஆனால் மாஸ்கோ, இலண்டன் ஆகிய இரண்டோடு மூன்றாவதாக ஓர் ஊரையும் அவர் உடன் கொண்டு சென்றிருந்தார். அது நம் ஊர். அந்த மூன்றாவது ஊர் இல்லாத ஒப்பீடு வெறும் வேடிக்கை பார்த்தலே என்பேன்.

இனி, சங்கடமான பகுதி. பெரியார் இருந்த அதே 1932இல் மாஸ்கோவில் ரொட்டி பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தது. அவர் நாடு திரும்பிய குளிர்காலத்தில் உக்ரைன் முதலிய பகுதிகளில் பஞ்சம் முற்றி, இலட்சக்கணக்கான உழவர்கள் மாண்டனர். விருந்தினர்க்கு அது காட்டப்படவில்லை. இதை நாமே சொல்லாவிட்டால், நம் எதிரிகள் அவர்களுக்கு ஏற்ற வகையில் சொல்லுவார்கள், சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். 1930இல் மாஸ்கோ சென்ற தாகூர் அங்குள்ள கல்விப் பணியை மனமாரப் பாராட்டினார். கருத்துச் சுதந்திரம் குறித்துத் தம் கவலையையும் ‘இஸ்வெஸ்தியா’ நாளேட்டின் பேட்டியில் கூறினார். அப்பேட்டி 1988 வரை அங்கே வெளிவரவில்லை. அவரது பாராட்டு அடங்கிய கடிதங்கள் ஆங்கிலத்தில் வெளிவரத் தொடங்கியபோது பிரிட்டிஷ் அரசு அவற்றைத் தடுத்தது. கண்டனத்தை ஒரு தலைநகரம் மறைத்தது. பாராட்டை மற்றொன்று மறைத்தது.

1932 நவம்பரில் பெரியார் இலங்கை வழியாகத் தூத்துக்குடியில் வந்திறங்கினார். வந்தவுடன் அவர் விடுத்த வேண்டுகோள்களில் ஒன்று, ‘ஸ்ரீமான்’ போன்ற அடைமொழிகளை விடுத்து எல்லோரையும் ‘தோழர்’ என்றே அழைக்க வேண்டும் என்பது. டிசம்பர் இறுதியில் சிங்காரவேலரின் துணையோடு ஈரோட்டுத் திட்டம் உருவாயிற்று. அடுத்த ஆண்டே ‘குடி அரசு’ தலையங்கத்துக்காக அரச நிந்தனை வழக்கும் சிறையும் வந்தன. 1935வாக்கில் அவர் அத்திட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியது குறித்து நமக்கு விமர்சனம் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது. ‘தோழர்’ என்ற சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

வியன்னா செல்லும் தோழரிடம் வருகிறேன். அங்கே கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்னும் நீண்ட குடியிருப்பைக் காட்டுவார்கள். 1930இல் திறக்கப்பட்டு, ஏறத்தாழ 1,400 வீடுகளைக் கொண்ட அதன்மீது 1934 பிப்ரவரியில் பீரங்கிக் குண்டுகள் பொழியப்பட்டன. வியன்னா மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இன்றும் மாநகராட்சி வீடுகளிலோ இலாபநோக்குக் கட்டுப்படுத்தப்பட்ட வீடுகளிலோ வாழ்கின்றனர். இலண்டனில் 1980ஆம் ஆண்டு தாட்சர் அரசின் சட்டத்துக்குப் பின் மாநகராட்சி வீடுகள் பெருமளவில் விற்கப்பட்டன. ஹைகேட்டில் மார்க்ஸின் கல்லறையைக் காணக்கூட நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும்.

இரு நகரங்களிலும் ஓர் அறையின் வாடகை ஒரு துப்புரவுப் பணியாளரின் மாத ஊதியத்தில் எத்தனை பங்கு, அப்பணியாளர் எந்த நாட்டிலிருந்து வந்தவர், அவருக்குச் சங்கம் உண்டா, வாக்குரிமை உண்டா என்று குறித்து வருமாறு கேட்டிருக்கிறேன். அதே கேள்விகளைப் புறப்படும் முன் இந்தப் புசா ரோட்டில், மெட்ரோ தூண்களின் நிழலில் ரிக்‌ஷாவை நிறுத்தி உறங்குவோரிடமும் கேட்டுவிட்டுச் செல்லச் சொன்னேன். ஒப்புக்கொண்டார். அறிக்கை பத்துப் பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பதற்கு மட்டும் அவர் இன்னும் இணங்கவில்லை.