திறந்த கடையில் லேசர் வெல்டிங் வேண்டாம்

கோலாலம்பூரின் சாலாக் செலாத்தான், சான் சோவ் லின் பக்கத்து இரும்புப் பட்டறைகளுக்குள் போனவர்களுக்கு அவற்றின் அமைப்பு தெரியும். ஷட்டரை ஏற்றினால் கடை முழுக்கத் தெருவைப் பார்த்துத் திறந்துகொள்ளும். ஒரு மூலையில் கிரைண்டர், மறு மூலையில் டிக் வெல்டிங், வாசலில் கேட்டுக்கு அளவு சொல்ல வந்தவர். ஆர்க் வெல்டிங்கை இந்தக் கடை எப்படியோ தாங்கிவிட்டது. கையில் பிடித்து ஒட்டும் லேசரைத் தாங்காது. அடைத்த அறை ஒன்று கட்ட மனமில்லாத முதலாளி அந்த மெஷினை வாங்கவே கூடாது என்பது என் கருத்து.

வாங்க ஆசைப்படுவதைக் குறை சொல்ல மாட்டேன். மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு நெளியாது, பாலிஷ் வேலை குறையும். டிக் கைவர வருஷக்கணக்காகும். லேசரைப் புதுப் பையன்கூடச் சில நாளில் பிடித்துக்கொள்வான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கை பழகிவிடுகிறது, பயம் பழகுவதில்லை.

ஆர்க் வெளிச்சம் சொல்லிக்கொண்டு வரும். யாரானாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மீறிப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். இந்த மெஷின்களில் இருக்கும் ஃபைபர் லேசரின் கற்றையோ சுமார் 1,070 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு. கண்ணுக்குத் தெரியாததால் இமை மூடாது. கண்ணின் வில்லையே அதைக் குவித்து விழித்திரையில் ஒரு புள்ளியில் இறக்கும். வலிகூடத் தெரியாமல் போகலாம்; கருகிய இடம் மீண்டும் முளைக்காது. தொடர்ந்து பாயும் லேசர் அரை வாட்டைத் தாண்டினாலே சர்வதேசத் தரத்தில் மிக ஆபத்தான நான்காம் வகை. பட்டறை மெஷின்கள் 1,000 வாட்டிலிருந்து 3,000 வாட் வரை.

பளபளப்பான ஸ்டெயின்லெஸிலும் அலுமினியத்திலும் பட்டு இந்தக் கற்றையில் ஒரு பங்கு எகிறும். ஒட்டுபவர் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருப்பார். வாசலில் நிற்பவர்? ஐந்தடி நடைபாதையில் போகிற பிள்ளை?

இந்த மெஷின்களில் பெரும்பாலும் ஒரு கிளிப் வரும். அதை வேலைத்துண்டில் மாட்டி, வெல்டிங் கன்னின் முனை உலோகத்தைத் தொட்டால்தான் லேசர் பாயும். அவசரத்துக்கு அந்தக் கிளிப்பை முனையிலேயே கவ்விவிடும் வழக்கம் இருக்கிறது. அப்புறம் கன் எந்தத் திசையைப் பார்த்தாலும் சுடும். இதைச் செய்பவரை அந்த நிமிடமே மெஷினிலிருந்து விலக்க வேண்டும்; முதலாளியே செய்தாலும்தான்.

கருப்பாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் தப்பு. ஆர்க் முகமூடிக் கண்ணாடி லேசருக்காகச் சோதிக்கப்பட்டதல்ல. எந்த அலைநீளத்தை எந்த அளவு தடுக்கும் என்று கண்ணாடியிலேயே பொறித்திருக்க வேண்டும். அதுவும் கடைசிக் காவல்தான். முதல் காவல் சுவர்: ஒளி கசியாத அடைப்பு, கதவு திறந்தால் லேசர் தானாக நிற்கும் பூட்டு, வெளியே எச்சரிக்கை விளக்கு, பொறுப்பாளர் கையில் மெஷின் சாவி. அடைத்த அறையில் புகை தேங்கும். வெல்டிங் புகை புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்தியது. ஆகவே புகை உறிஞ்சியும் வேண்டும்.

‘சின்னக் கடைக்கு இதெல்லாம் கட்டுமா’ என்பார்கள். 2024 ஜூன் 1 முதல் அந்தச் சாக்கு செல்லாது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அன்று ரத்து செய்யப்பட்டது. திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்தது. அபாயத்தை முன்கூட்டியே மதிப்பிடுவது முதலாளியின் கடமை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், கடை சின்னதானாலும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். பொதுக் கடமையில் தவறினால் அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சம் ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிட்டால் தொழிலாளி விலகிக்கொள்ளலாம். கன்னைப் பிடிப்பவர் வங்காளதேசத்தவராகவோ நேப்பாளியாகவோ இருந்தால், இந்த உரிமையை அவருக்குப் புரியும் மொழியில் யார் சொல்வது? சீனத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட கையேடு சொல்லாது.

மெஷின் விற்பவரிடம் விலை பேசும்முன் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: அலைநீளமும் சக்தியும், அதற்கேற்ற கண்ணாடியின் தடுப்பு அளவு, அடைப்பு அறைக்கான வரைபடமும் செலவும். மூன்றாவதைக் கேட்டதும் சிரிப்பவரிடம் வாங்க வேண்டாம்.

— கட்டுரையாளர், தொழிலிடப் பாதுகாப்புப் பயிற்றுநர்