அகத்தரையும் புறச்சுவரும்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் முதலிய ஊர்களில் நாடோறும் புதுமனைகள் எழக் காண்கிறோம். வாழ்நாளெல்லாம் ஈட்டிய பொருளை மக்கள் அவற்றில் இடுகின்றனர். ஆயினும், டைல்ஸ் எனப்படும் தரையோட்டையும் வண்ணத்தையும் தெரியுங்கால், கடைவிளக்கில் மின்னுவதையே நாடுகின்றனர்; நம் வெயிலையும் மழையையும் நினைப்பார் சிலரே.

எம் இல்லத்திலும் இப்பிழை நேர்ந்தது. உள்ளறைக்கு வாங்கிய பளபளப்பான ஓட்டையே முன்வாயிலிலும் பதித்தோம். முதல் ஐப்பசி மழையிலேயே எம் பாட்டியார் வழுக்கி விழுந்து, இரு திங்கள் படுக்கையிற் கிடந்தார்.

2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களுக்கிடையே, 24 மணி நேரத்தில் தாம்பரம் பெற்ற மழை 49 சென்டிமீட்டர். இத்தகைய ஊரில் வாயிலுக்கும் வெளிப்படிக்கும் சொரசொரப்பான ஓடே தகும். விட்ரிஃபைடு ஓடு நூற்றுக்கு அரைப்பங்கு நீரும் உறிஞ்சாது. எனினும் மெருகிட்டதாயின் ஈரத்தில் வழுக்கும். சுவருக்கென்று செய்த ஓடோ நீரை மிக உறிஞ்சுவது, தரைக்கு ஆகாது.

புறச்சுவருக்கு வெளிர்நிறமே நன்று. கருநிறம் வெயிலை உட்கொண்டு அறையைப் புழுங்கச் செய்யும். சிமெண்டுப் பூச்சு நன்குலருமுன் வண்ணம் தீட்டின், அது கொப்புளித்து உரியும். சுண்ணாம்பு வெள்ளையோ வெயிலைத் திருப்பும். சுவரின் ஈரத்தையும் வெளிவிடும்.

அழகு வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும். செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடு சூளையேறாதது. கண்ணாடிமேல் வண்ணக்கலவை வார்த்து, சிமெண்டிட்டு, நீரில் ஊறவைத்துச் செய்வது. அங்கே அழகும் குளிர்ச்சியும் ஒருங்கே உள.

ஆதலின், மனை கட்டும் அன்பர்காள்! வாங்குமுன் ஓட்டின்மேல் நீர் தெளித்து, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். வீட்டு முதியோரை நினைந்து மிதியுங்கள்.